‘பைன் கட்டியாச்சு, முடிஞ்சுது’: குடித்துவிட்டு வண்டி ஓட்டிய முதல் வழக்கில் என்னென்ன வழிகள்?

வரிசையில் நிற்பவர்களில் பலர் பணத்தை எண்ணிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் வந்திருப்பார்கள். பெயரைக் கூப்பிட்டதும் முன்னால் போய் நிற்க வேண்டும். “குடிச்சிட்டு வண்டி ஓட்டியிருக்கீங்க. ஒத்துக்கறீங்களா?” என்று கேள்வி வரும். “ஆமாங்கய்யா.” பத்தாயிரம் அபராதம். அடுத்த பெயர். ஒரு நிமிடம் ஆகியிருந்தால் அதிகம். வெளியே வந்து டீக்கடையில் நின்றபடி வீட்டுக்கு போன் போட்டு, “பைன் கட்டியாச்சு, முடிஞ்சுது” என்று சொல்லிவிடுவார்கள்.

முடிந்தது பைன் மட்டும்தான். அந்த “ஆமாங்கய்யா” சட்டத்தின் கணக்கில் குற்ற ஒப்புதல். அதன் மேல் மாஜிஸ்திரேட் எழுதுவது தண்டனைத் தீர்ப்பு. ஹெல்மெட் போடாததற்கு ரோட்டோரத்தில் கட்டும் அபராதமும் இதுவும் ஒரே ஜாதி இல்லை. ஒப்புக்கொள்ளவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. பெரும்பாலான வழக்குகளில் ஒப்புக்கொள்வதுதான் புத்திசாலித்தனமாகவும் இருக்கும். ஆனால் அந்த வார்த்தை எந்தக் கதவுகளை மூடுகிறது என்று தெரிந்து சொல்வது வேறு, வேலைக்கு நேரமாகிறதே என்று சொல்வது வேறு.

முதலில் சட்டம். மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 185. நூறு மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்கும்போது வண்டி ஓட்டினாலும், ஓட்ட முயன்றாலும் குற்றம். முதல் முறை என்றால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அடுத்த முறை இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும்.

2019 செப்டம்பர் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த திருத்தம் இந்தப் பிரிவில் முக்கியமாக இரண்டு மாற்றங்களைச் செய்தது. தொகை கூடியது எல்லோருக்கும் தெரியும். அதைவிடப் பெரிய மாற்றம் சொற்களில் நடந்தது. முன்பு “2,000 ரூபாய் வரை அபராதம்” என்று இருந்தது, மாஜிஸ்திரேட் பார்த்துக் குறைக்கலாம். இப்போது “வரை” என்ற சொல்லே இல்லை, நேராக “10,000 ரூபாய் அபராதம்”. “ஐயா, கொஞ்சம் குறைச்சுப் போடுங்க” என்ற கெஞ்சலுக்கு இடம் சுருங்கிவிட்டது. இரண்டாவது மாற்றம், முந்தைய குற்றம் நடந்து மூன்று ஆண்டுக்குள் மறுபடி சிக்கினால்தான் “இரண்டாவது முறை” என்ற வரம்பை எடுத்துவிட்டார்கள். இன்று 23 வயதில் ஒப்புக்கொண்டு பைன் கட்டிய பையன் 38 வயதில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு வரும்போது சிக்கினாலும், சட்டப்படி அது இரண்டாவது குற்றம்.

இன்னொன்று. இது ரோட்டிலேயே முடித்துக்கொள்ளக்கூடிய குற்றம் கிடையாது. எந்தெந்தக் குற்றங்களை அதிகாரி மட்டத்தில் தொகை வாங்கி முடிக்கலாம் என்று இதே சட்டத்தின் பிரிவு 200 ஒரு பட்டியல் தருகிறது. அதில் 185 இல்லை. ஆகவே “இங்கேயே ஏதாவது பார்த்து முடிச்சுக்கலாம்” என்று யாராவது சொன்னால் அதற்குப் பெயர் லஞ்சம், அபராதம் அல்ல. கொடுப்பதும் தனிக் குற்றம்.

முப்பது மில்லிகிராம் என்றால் எவ்வளவு குடித்தால் வரும்? ஆளின் எடை, சாப்பாடு, குடித்த வேகம் எல்லாம் பொறுத்தது என்றாலும் ஒரு தோராயக் கணக்கு போடலாம். எழுபது கிலோ எடையுள்ள ஆண், ஒரு கட்டிங், அதாவது 90 மில்லி விஸ்கி அடித்தால் 60 மில்லிகிராமை ஒட்டி ஏறும். வரம்பைப் போல இரண்டு மடங்கு. குவார்ட்டர் என்றால் 120-ஐத் தாண்டும். உடல் அதை மணிக்கு 15 மில்லிகிராம் கணக்கில்தான் கரைக்கும். எலுமிச்சை, மோர், குளியல், வெற்றிலை எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது. ராத்திரி 11 மணிக்கு ஒரு ஆஃப் முடித்தவர் காலை 9 மணிக்குத் தலைவாரிக்கொண்டு ஆபீஸ் கிளம்பும்போதும் வரம்பைவிட மூன்று மடங்குக்கு மேல் இருக்க வாய்ப்புண்டு. “நேத்து குடிச்சதுக்கு இன்னிக்குக் கேஸா?” என்ற கேள்விக்குச் சட்டத்தில் இடமில்லை. ஓட்டும் நேரத்தில் ரத்தத்தில் எவ்வளவு என்பதுதான் கணக்கு.

ஊதச் சொன்ன பிறகு

சீருடையில் இருக்கும் போலீஸ்காரரோ மோட்டார் வாகனத் துறை அதிகாரியோ சந்தேகம் இருந்தால் ஊதச் சொல்லலாம். பிரிவு 203 அந்த அதிகாரத்தைத் தருகிறது. ஊத மாட்டேன் என்று அடம்பிடிப்பது தப்பிக்கும் வழி என்று நண்பர்கள் வட்டத்தில் ஒரு சட்ட ஆலோசனை சுற்றிக்கொண்டே இருக்கிறது. அது தப்பு. மறுத்தால் வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம். காவல் நிலையத்தில் ரத்தம் எடுக்கச் சொல்லலாம். நியாயமான காரணம் இல்லாமல் மறுத்ததையே போலீஸ் தரப்புச் சாட்சியத்துக்கு வலு சேர்க்கும் சங்கதியாக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம் என்று பிரிவு 205 சொல்கிறது. “எனக்கு எதிரா நானே சாட்சி சொல்ல முடியாது” என்று அரசியலமைப்பைத் தூக்கிப் பிடிப்பவர்களும் உண்டு. ரத்தம், கைரேகை போன்றவை வாக்குமூலம் ஆகாது என்பதே நீதிமன்றங்களின் நிலைப்பாடு.

ஆனால் போலீசுக்கும் கட்டுப்பாடுகள் இருக்கின்றன, இவை பலருக்குத் தெரியாது. 185-இன் கீழ் ஒருவரைக் கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் பதிவு பெற்ற மருத்துவரிடம் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும். இல்லையென்றால் காவலிலிருந்து விட்டுவிட வேண்டும். இது பிரிவு 202-இன் நிபந்தனை. கைதானவருக்கு ஸ்டேஷனில் வைத்து மறுபடியும் ஊதிக் காட்ட வாய்ப்பு தர வேண்டும். பெண்ணிடம் ரத்தம் எடுப்பதானால் ஒரு பெண்தான் எடுக்க வேண்டும், அல்லது பெண் ஒருவர் உடனிருக்க வேண்டும். குற்றம் ஜாமீனில் விடக்கூடியது. ஜாமீன் தருவது கருணை அல்ல, கேட்டால் கிடைக்க வேண்டிய உரிமை.

முதல் முறை, விபத்து எதுவும் இல்லை என்றால் பெரும்பாலும் லாக்கப் வரை போவதில்லை. ஊத வைத்து, மெஷினிலிருந்து வரும் சீட்டில் கையெழுத்து வாங்கி, லைசென்சை எடுத்துக்கொண்டு, வண்டியை ஓரங்கட்டி, கோர்ட்டுக்கு வரச் சொல்வார்கள்.

வண்டி விஷயத்தில் ஒரு தகராறு எப்போதும் உண்டு. குடித்து ஓட்டினார் என்பதற்காக மட்டும் வண்டியைப் பறிமுதல் செய்ய போலீசுக்கு அதிகாரமில்லை என்று தெலங்கானா உயர் நீதிமன்றம் 2021-இல் சொன்னது. உடன் வந்தவர் குடிக்காமல், லைசென்சோடு இருந்தால் அவரிடம் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் உறவினரை வரவழைத்துக் கொடுக்க வேண்டும். யாருமே இல்லையென்றால் பத்திரமாக வைத்திருந்து, பிறகு ஆர்.சி. புக்கைக் காட்டுபவரிடம் கொடுக்க வேண்டும் என்று வழிமுறையும் வகுத்தது. தமிழ்நாட்டு போலீசை அந்தத் தீர்ப்பு நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனால் வண்டி விடுவிப்புக்கு மனு போடும் வக்கீல் அதை மேற்கோள் காட்டலாம்.

உடன் வந்தவர் என்றதும் சென்னைக்காரர்களுக்கு 2022 அக்டோபர் ஞாபகம் வரும். ஓட்டியவர் குடித்திருந்தால் பின்னால் உட்கார்ந்திருந்தவருக்கும் அபராதம் என்று போக்குவரத்து போலீஸ் அறிவித்தபோது பெரிய களேபரம். புதுச் சட்டம் எதுவும் வரவில்லை. குற்றத்துக்குத் துணை போனவருக்கும் அதே தண்டனை என்று சொல்லும் பிரிவு 188 முதலிலிருந்தே அங்கே கிடந்தது, தூசி தட்டி எடுத்தார்கள், அவ்வளவுதான். இந்தக் குற்றச்சாட்டு உங்கள் மேல் வந்தால் யோசிக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டிய அவசியமில்லை. வெறுமனே சீட்டில் உட்கார்ந்திருந்ததும், குடித்தவன் கையில் சாவியைக் கொடுத்து “ஓட்டுடா” என்றதும் ஒன்றல்ல.

கோர்ட் தேதிக்கு முன்

வழக்குத் தாளில் எந்தெந்தப் பிரிவு போட்டிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். 185 மட்டும்தானா, அல்லது இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, அதாவது பழைய 279, கண்மூடித்தனமாக ஓட்டியது என்றும் சேர்த்திருக்கிறார்களா? இரண்டாவது இருந்தால் “எல்லாத்துக்கும் ஆமா” என்று சொல்வது இன்னும் பெரிய ஒப்புதல். யாருக்காவது அடிபட்டிருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு நேராக வக்கீலிடம் போங்கள். உயிரிழப்பு என்றால் வழக்கு முற்றிலும் வேறு உலகத்துக்குப் போய்விடும். மும்பை கார்ட்டர் சாலையில் 2006-இல் ஏழு பேர் இறந்த வழக்கிலும், டெல்லியில் 1999-இல் ஆறு பேர் இறந்த பி.எம்.டபிள்யூ. வழக்கிலும் உச்ச நீதிமன்றம் 2012-இல் நிலைநிறுத்தியது அலட்சியத்தால் மரணம் என்ற குற்றத்தை அல்ல, கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்தை.

அடுத்தது மெஷின் சீட்டு. பெயர், நேரம், மெஷினின் எண், அளவு எல்லாம் அதில் இருக்கும். அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். வழக்கை எதிர்த்து நடத்துவதா வேண்டாமா என்ற முடிவு பெரும்பாலும் அந்தத் துண்டுச் சீட்டில்தான் இருக்கிறது.

என்ன பார்க்க வேண்டும்? அளவு 180 என்று இருந்தால் விவாதிக்க ஒன்றுமில்லை. 34, 38 என்று வரம்பை உரசிக்கொண்டிருந்தால் பேச இடம் உண்டு. மெஷின் கடைசியாக எப்போது அளவு சரிபார்க்கப்பட்டது? ஊதுவதற்கு முன் காலியாக ஓட்டிப் பார்த்துச் சுழியம் காட்டியதா? அப்படிச் சுழியம் காட்டாத மெஷினின் முடிவை நம்பிப் போட்ட வழக்கை அண்மையில் கேரள உயர் நீதிமன்றம் ரத்து செய்திருக்கிறது. வாயில் தங்கியிருக்கும் ஆல்கஹால் வேறு, ரத்தத்தில் இருப்பது வேறு. மவுத்வாஷ் கொப்பளித்த உடனே, இருமல் மருந்து குடித்த உடனே ஊதினால் அளவு ஏறும். பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு மறுபடி ஊதினால் இறங்கிவிடும். கேரளத்தின் பந்தளத்தில் 2025-இல் ஒரு கே.எஸ்.ஆர்.டி.சி. அரசு பஸ் டிப்போவில் நன்றாகப் பழுத்த பலாச்சுளை தின்ற டிரைவர்கள் மெஷினில் மாட்டிக்கொண்டு, பிறகு குடிக்காத ஒருவரைப் பலாப்பழம் தின்ன வைத்து ஊதச் சொல்லி நிரூபித்த கதை அங்கே பிரசித்தம். அதை நம்பி எல்லோரும் பலாப்பழக் கதை சொல்லக் கிளம்பிவிடக் கூடாது. வாயில் இருப்பது நிமிடங்களில் போய்விடும். இரண்டாவது முறை ஊதும்போதும் 90 காட்டினால் அது பழம் அல்ல.

சோதனையே செய்யாமல், “வாயில் வாடை வந்தது, தள்ளாடினார்” என்று மட்டும் எழுதியிருந்தால்? அங்கேதான் வழக்கு உண்மையில் பலவீனமாகிறது. வாடை, தடுமாற்றம், விரிந்த கண்மணி இவற்றை மட்டும் வைத்து ஒருவர் போதையில் இருந்தார் என்று முடிவுகட்ட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1971-இலேயே மகாராஷ்டிரத்து வழக்கு ஒன்றில் சொல்லியிருக்கிறது. 185 கேட்பது ஒரு எண். அந்த எண் மெஷினிலிருந்தோ ஆய்வகத்திலிருந்தோ வர வேண்டும். அது இல்லாத வழக்கை ரத்து செய்யக் கோரி உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 482 என்று எல்லோருக்கும் பழகிய அந்த மனு, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில், சுருக்கமாக பி.என்.எஸ்.எஸ்., இப்போது 528. போலீஸ் தாமதித்தாலும் ஒரு வரம்பு உண்டு. ஆறு மாதம் வரை தண்டனை உள்ள குற்றம் என்பதால், நடந்து ஓராண்டுக்குள் நீதிமன்றம் வழக்கைக் கையில் எடுத்திருக்க வேண்டும்.

“ஒத்துக்கறீங்களா?”

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம்.

ஒப்புக்கொண்டால் வழக்கு அன்றே முடியும். சிறைத் தண்டனை கொடுக்க மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் இருக்கிறது. சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றம் அமைத்த குழு 2015-இலேயே, முதல் குற்றமானாலும் சிறைத் தண்டனை கேட்க வேண்டும் என்று மாநிலங்களுக்குச் சொன்னது. இருந்தாலும் முதல் முறை, விபத்து இல்லை, அளவும் பயங்கரமாக இல்லை என்றால் பொதுவாக அபராதத்தோடு விடுவார்கள். மூடும் கதவு இதுதான்: ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவர், “நான் குற்றவாளி இல்லை” என்று பிறகு மேல்முறையீடு செய்ய முடியாது. தண்டனையின் அளவு அதிகம், அல்லது சட்டப்படி செல்லாது என்று மட்டும்தான் மேலே போகலாம். பழைய 375, இப்போது பி.என்.எஸ்.எஸ். 416. விசாரணை நடத்தித் தோற்றவருக்கு இந்தத் தடை இல்லை. அவர் முப்பது நாளுக்குள் செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போகலாம்.

பணம் கையில் இல்லையே என்று பயந்து ஆஜராகாமல் இருப்பவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கும். அபராதத்தை முப்பது நாள் தவணை கேட்டோ, இரண்டு மூன்று தவணைகளாகவோ கட்ட அனுமதிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது. வாய்விட்டுக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். போகாமலே இருந்தால் வாரண்ட் வரும். தீர்ப்புக்குப் பிறகு கட்டாமல் இருந்தால் அசையும் சொத்தை, அதாவது அந்த வண்டியையே, ஜப்தி செய்ய உத்தரவு போடலாம்.

ஒப்புக்கொள்ளும்போதே கேட்கக்கூடிய இன்னொரு விஷயம் இருக்கிறது, வக்கீல் வைத்துக்கொள்ளாதவர்கள் யாரும் கேட்பதில்லை. 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம். இதன் பிரிவு 3, முன் தண்டனை இல்லாதவர் இரண்டு ஆண்டுக்கு மேற்படாத சிறைத் தண்டனை உள்ள குற்றம் செய்திருந்தால், தண்டனைக்குப் பதிலாகக் கண்டித்து விட நீதிமன்றத்துக்கு இடம் தருகிறது. பிரிவு 4, நன்னடத்தைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்கிறது. 185-இன் ஆறு மாதம் இந்த வரம்புக்குள் வருகிறது. இதன் அருமை பிரிவு 12-இல் இருக்கிறது: இப்படி விடப்பட்டவருக்குத் தண்டனையோடு ஒட்டிவரும் தகுதியிழப்பு எதுவும் ஒட்டாது. அரசு வேலைக்குப் படித்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு இது பத்தாயிரம் ரூபாயைவிடப் பல மடங்கு பெரிய சமாசாரம். இருபத்தொரு வயதுக்குக் கீழ் என்றால், காரணம் எழுதாமல் சிறைக்கு அனுப்பவே கூடாது என்கிறது பிரிவு 6. ஆனால் கேட்டதும் கிடைத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். வண்டி ஓட்டும் குற்றங்களில் இந்தச் சலுகை பற்றி உயர் மட்ட நீதிமன்றங்கள் கறாராகவே பேசியிருக்கின்றன. அலட்சியமாக ஓட்டி உயிரைப் பறித்த வழக்கில் இதைத் தரக் கூடாது என்று தல்பீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000-இல் சொன்னதைக் காட்டி எதிர்ப்பார்கள். விபத்தே இல்லாத முதல் வழக்கு வேறு என்று உங்கள் தரப்பு சொல்ல வேண்டும்.

“சமூக சேவை செய்யறேன், விட்டுடுங்க” என்பது இப்போது புதிதாகக் கேட்கும் கோரிக்கை. 2024 ஜூலையில் வந்த புதுச் சட்டங்களில் சமூக சேவை ஒரு தண்டனையாக நுழைந்தது உண்மைதான். பொது இடத்தில் குடித்துவிட்டு ரகளை செய்வதற்கு அது உண்டு. 185-க்கு இல்லை. சென்னை உயர் நீதிமன்றம் 2022-இல் ஓர் இளைஞரை அடையாறு பக்கம் சிக்னலில் இரண்டு வாரம் நின்று குடித்து ஓட்டாதீர்கள் என்று துண்டறிக்கை கொடுக்கச் சொன்னது ஜாமீன் நிபந்தனையாக, அதுவும் ஆட்களுக்கு அடிபட்ட வழக்கில்.

ஒப்புக்கொள்ளவில்லை என்றால் விசாரணை. சம்மன் வழக்கு முறையில் நடக்கும்: ஊத வைத்த அதிகாரி சாட்சி சொல்வார், உங்கள் வக்கீல் குறுக்கு விசாரணை செய்வார். வாய்தா வாய்தாவாக இழுக்கும். நேரில் வராமலிருக்க மாஜிஸ்திரேட்டிடம் விலக்கு கேட்கலாம். வக்கீல் பீஸ் அபராதத்தைத் தாண்டிவிடும் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். வருமானம் குறைந்தவர், பெண், பட்டியல் சாதி அல்லது பழங்குடியினர், காவலில் இருப்பவர் என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். என் கணிப்பில், அளவு வரம்பை உரசுகிறது, மெஷினில் கோளாறு தெரிகிறது, சோதனையே இல்லை, அல்லது ஓட்டியதே நீங்கள் இல்லை, இந்த நாலில் ஒன்று இருந்தால் எதிர்த்து நிற்பதில் அர்த்தமிருக்கிறது. ஓட்டித்தான் வாழ்கிறவருக்கும், வெளிநாடு போகக் காத்திருப்பவருக்கும் கணக்கு கொஞ்சம் மாறும். வேறு யாருக்கும் வெறும் கோபத்துக்காக இரண்டு வருடம் கோர்ட்டுக்கு அலைவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

குற்றப் பேரம் என்ற மூன்றாவது வழி ஏட்டில் இருக்கிறது. மனு போட்டு, அரசு வக்கீலோடு பேசி, தண்டனையைக் குறைத்துக்கொள்வது. ஏற்கெனவே அபராதத்தோடு முடியப்போகும் வழக்கில் அதனால் பெரிய லாபமில்லை.

ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஓடும் இன்னொரு வழக்கு

கோர்ட்டில் பணம் கட்டிவிட்டு வந்தவருக்கு ஒரு மாதம் கழித்து ஆர்.டி.ஓ. அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வரும். “அதான் கட்டிட்டேனே!” என்று கொதிப்பார்கள். இரண்டும் தனித்தனி. போலீஸ் எடுத்துக்கொண்ட லைசென்சை உரிமம் வழங்கும் அதிகாரிக்கு அனுப்ப வேண்டும் என்கிறது பிரிவு 206. அதற்கு ஈடாகக் கொடுக்கும் தற்காலிக ரசீதை வைத்துக்கொண்டு வண்டி ஓட்டலாம் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். ஓட்ட முடியாது, சட்டமே அப்படித்தான் எழுதியிருக்கிறது.

பிரிவு 19-இன்படி முதல் முறைக்கு மூன்று மாதம் தகுதியிழப்பு. இரண்டாவது முறை லைசென்சே ரத்து. ஆனால் உத்தரவு போடும் முன் உங்கள் பேச்சைக் கேட்க வேண்டும். அந்த நோட்டீசுக்குப் பதில் எழுதுவது ஒரு உண்மையான வாய்ப்பு, அதைக் குப்பையில் போடுபவர்கள்தான் அதிகம். அதிகாரி காரணம் எழுதி இடைநிறுத்தலாம், அல்லது விட்டுவிடலாம் என்று சட்டமே இரண்டு வழி தருகிறது. மெஷின் அளவில் சந்தேகம், வழக்கு இன்னும் நிலுவை, ஓட்டித்தான் பிழைப்பு என்பவற்றை ஆதாரத்தோடு எழுதலாம். உத்தரவு கைக்கு வந்து முப்பது நாளுக்குள் மேல்முறையீடும் உண்டு. கோர்ட்டில் ஏற்கெனவே “ஆமாங்கய்யா” சொல்லியிருந்தால் இங்கே எழுத அதிகம் எதுவும் மிஞ்சாது என்பதையும் கவனியுங்கள். இடைநிறுத்தக் காலத்தில் ஓட்டிச் சிக்கினால் பிரிவு 182-இன் கீழ் மூன்று மாதம் வரை சிறை, அல்லது இன்னொரு பத்தாயிரம், அல்லது இரண்டும்.

அந்த ரசீது போய்ச் சேரும் இடங்கள்

இன்சூரன்சில் தொடங்கலாம். வண்டி எங்காவது மோதியிருந்தால் சொந்தச் சேதத்துக்கான தொகை கிடைப்பது கஷ்டம். டெல்லி இந்தியா கேட் அருகே நடைபாதையில் மோதி நாசமான ஒரு போர்ஷே காருக்கு இழப்பீடு கேட்ட வழக்கில், ஓட்டியவர் போதையில் இருந்தார் என்று காட்ட 30 மில்லிகிராம் சோதனை முடிவு கட்டாயம் வேண்டும் என்பதில்லை, மற்ற சூழ்நிலைகளே போதும் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்தது. கிரிமினல் கோர்ட்டில் தப்பிக்க உதவும் வாதம் இன்சூரன்ஸ் தகராறில் உதவாது. எதிரே அடிபட்டவருக்கு நிறுவனம் பணம் கொடுத்துவிட்டு, பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலிக்கச் சொல்லும் தீர்ப்புகளும் உண்டு.

வேலை. அரசு வேலைக்கான படிவங்களில் “உங்கள் மீது வழக்கு உண்டா, தண்டனை பெற்றிருக்கிறீர்களா” என்ற கட்டம் இருக்கும். பைன் கட்டியவர்கள் யோசிக்காமல் “இல்லை” என்று டிக் போட்டுவிடுவார்கள். சிறு வழக்கு இருந்ததைவிட அதை மறைத்ததுதான் வேலையைப் பறிக்கும். அவ்தார் சிங் வழக்கில் 2016-இல் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகப் பேசியது. சில்லறைக் குற்றமானால் முதலாளி மன்னிக்கலாம், ஆனால் தகவல் உண்மையாக இருக்க வேண்டும். ஏற்கெனவே டிரைவர் வேலையில் இருப்பவர் நிலை இன்னும் மோசம். உத்தரப் பிரதேசத்தில் கும்பமேளா பணிக்கு ஆயுதப் போலீஸ் படையினரை ஏற்றிச் சென்ற லாரி டிரைவர் குடித்திருந்து ஒரு ஜீப்பில் மோதினார். 25 ஆண்டு சர்வீஸ். பெரிய சேதம் நடக்கவில்லை என்பது சலுகைக்குக் காரணம் ஆகாது, அது அதிர்ஷ்டம் என்றது 2022-இல் உச்ச நீதிமன்றம். நீண்ட சர்வீசைப் பார்த்துப் பணிநீக்கத்தைக் கட்டாய ஓய்வாக மாற்றியதோடு சரி.

வெளிநாடு. அமெரிக்க விசாவுக்கான டிஎஸ்-160 படிவம், கைது செய்யப்பட்டதுண்டா, தண்டனை உண்டா என்று நேராகக் கேட்கிறது. கனடா 2018 டிசம்பரில் குடித்து ஓட்டுவதற்கான உச்ச தண்டனையைப் பத்து ஆண்டாக உயர்த்தியதிலிருந்து குடியேற்றச் சட்டத்தில் அது கடுங்குற்றமாகிவிட்டது. வேறு நாட்டுத் தண்டனையை அவர்கள் தங்கள் சட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அங்கே வரம்பு 80 மில்லிகிராம், இங்கே 30. இங்கே 45 காட்டித் தண்டனை பெற்றவருக்கும் 150 காட்டியவருக்கும் அந்த ஒப்பீட்டில் வித்தியாசம் வரலாம். அதனால் வழக்கு முடிந்ததும் தீர்ப்பின் சான்றிட்ட நகல், அபராத ரசீது, மெஷின் சீட்டின் நகல் மூன்றையும் வாங்கி பத்திரப்படுத்துங்கள். பத்து வருடம் கழித்து ஒரு விசா அதிகாரி கேட்கும்போது கோர்ட் ரெக்கார்டு அறையில் தேடுவது லேசான காரியமில்லை.

மூன்று மாதம் முடிந்ததும் லைசென்ஸ் தானாகத் தபாலில் வந்துவிடும் என்று காத்திருக்கவும் வேண்டாம். திருத்தப்பட்ட பிரிவு 19-இன்படி, புத்தாக்கப் பயிற்சி முடித்தவருக்குத்தான் அது திரும்பக் கிடைக்கும். அந்தப் பயிற்சியை எங்கே, எப்போது நடத்துகிறார்கள் என்று இடைநிறுத்த உத்தரவை வாங்கும் அன்றே ஆர்.டி.ஓ. கவுன்டரில் கேட்டு, தேதி குறித்துக்கொண்டு வந்துவிடுங்கள்.